கடைப் பெயருக்கு டொமைன்: டாட் காம் போய்விட்டது, டாட் இன் போதுமா? யார் பெயரில் எடுப்பது?

செக்கடி_வீடு

வணக்கம். காங்கேயம் பக்கத்தில் எங்களுக்கு மரச்செக்கு. அப்பா இருபத்தெட்டு வருடமாக ஓட்டுகிறார். தேங்காய் எண்ணெய்தான் பிரதானம், கூடவே நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும். ஊர்க்காரர்கள் தூக்குப்போசி கொண்டுவந்து வாங்கிப் போன வியாபாரம், கொரோனா சமயத்தில் வாட்ஸ்அப்புக்கு மாறி, இப்போது மாதம் இருநூறு பார்சலுக்குக் குறையாமல் கூரியரில் போகிறது. யார் எவ்வளவு கேட்டார்கள், யார் பணம் போட்டார்கள் என்று மெசேஜில் தேடித் தேடி எனக்குக் கண் வலிக்கிறது. அதனால் ஒரு வெப்சைட் போட்டுவிடலாம் என்று இறங்கினேன்.

திருப்பூரில் ஒருவர் வெப்சைட், டொமைன், ஹோஸ்டிங், ஐந்து மெயில் ஐடி எல்லாம் சேர்த்து முதல் வருடம் 18,000, அடுத்த வருடத்திலிருந்து 7,500 என்கிறார். "டொமைனை எங்க கணக்கிலேயே எடுத்துடறோம், உங்களுக்குத் தலைவலி வேண்டாம்" என்றும் சொன்னார். எனக்கு அங்கேதான் இடிக்கிறது, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. டொமைனும் ஹோஸ்டிங்கும் ஒன்றா வேறா என்பதே எனக்குச் சரியாகப் புரியவில்லை.

எங்கள் கடைப் பெயரில் டாட் காம் தேடினால் யாரோ எடுத்து வைத்துக்கொண்டு 2,800 டாலர் விலை போட்டிருக்கிறார்கள், உள்ளே கடை எதுவும் இல்லை. டாட் இன் காலியாக இருக்கிறது. இன்னொரு சிக்கல், பெயரில் ழகரம் வருகிறது, ஆங்கிலத்தில் இசட்-எச் போடுவதா வெறும் எல் போடுவதா என்று வீட்டில் இரண்டு கட்சி. எண்ணெய் டின்னுக்கு அடுத்த மாதம் புது லேபிள் அச்சடிக்கிறோம், அதில் வெப்சைட் பெயர் போட வேண்டும். அதனால்தான் அவசரம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொப்பரைக்களம்

மாதம் 200 பார்சலுக்கு வெப்சைட் எதற்கு? வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போட்டு, கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்தால் போதும். 18,000 ரூபாய்க்குக் கொப்பரை கூடுதலாக வாங்கிப் போடுங்கள், அது எண்ணெயாக வரும்.

பழைய_சர்வர்

கொப்பரைக்களம் சொல்வதில் பாதி சரி, வெப்சைட்டுக்கு அவசரமே இல்லை. ஆனால் பெயருக்கு அவசரம் உண்டு. வெப்சைட் அடுத்த வருடம் போட்டாலும் டொமைனை இன்றைக்கே எடுத்து வையுங்கள், அதற்குச் செலவு ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னேதான். பெயரை இங்கே எழுதாமல் கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதுவே பெரிய காரியம். பதிவு முடியும்வரை எங்கேயும் எழுத வேண்டாம்.

இனி உங்கள் குழப்பத்துக்கு வருவோம். டொமைன் என்பது பெயர் மட்டும். ஹோஸ்டிங் என்பது உங்கள் படமும் விலைப்பட்டியலும் கிடக்கிற கம்ப்யூட்டரில் வாடகைக்கு எடுக்கும் இடம். மெயில் மூன்றாவது சமாச்சாரம். மூன்றையும் மூன்று வெவ்வேறு ஆட்களிடம் வாங்கலாம், ஒருவரை மாற்றினால் மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். பேக்கேஜ் போட்டு விற்பவர்கள் இதை மட்டும் சொல்ல மாட்டார்கள். கம்ப்யூட்டர்களுக்கு நம் பெயர்கள் தெரியாது, எண்கள்தான் தெரியும். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் திருப்பிச் சொல்கிற ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர், 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் என்பவர் வடிவமைத்தது, இன்றுவரை அதன் மேல்தான் எல்லாம் ஓடுகிறது. உங்கள் டொமைனுக்குள் நேம் சர்வர் என்று ஒரு பெட்டி இருக்கும். ஹோஸ்டிங்காரர் கொடுக்கும் இரண்டு மூன்று வரிகளை அதில் ஒட்டினால் வெப்சைட் அவரிடம் போய் நிற்கும். ஆளை மாற்ற வேண்டுமா, அந்த வரிகளை மாற்றினால் போதும், சில மணி நேரத்தில், மிஞ்சினால் இரண்டு நாளில் எல்லா ஊரிலும் மாறிவிடும். அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் உங்கள் கடைக்கு முதலாளி மாதிரி. உங்களுக்கு இடித்த இடம் சரியான இடம்தான்.

டொமைன் வாங்குகிறோம் என்று பேச்சுக்குச் சொல்கிறோம், உண்மையில் அது குத்தகை. கோயில் நிலத்தை மூன்று தலைமுறையாக உழுகிறவரைப் போல, குத்தகைப் பணம் கட்டும்வரை யாரும் எழுப்ப முடியாது, ஆனால் பட்டா ஒருநாளும் உங்கள் பெயருக்கு மாறாது. குறைந்தது ஒரு வருடம், ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருடம் கட்டி வைக்கலாம். ஐகேன் என்கிற அமைப்பு 1998இல் தொடங்கியது, உலகம் முழுக்க இந்த ஏற்பாட்டை ஒருங்கிணைப்பது அது. டாட் காம் பதிவேட்டை வைத்திருப்பது அமெரிக்காவின் வெரிசைன், டாட் இன் பதிவேடு நம் நாட்டின் நிக்ஸி என்கிற அமைப்பிடம். இவர்கள் யாரும் உங்களுக்கு நேரடியாக விற்பதில்லை, அங்கீகாரம் பெற்ற ரெஜிஸ்ட்ரார்கள்தான் விற்பார்கள். டாட் இன் விற்கும் ரெஜிஸ்ட்ரார்கள் யார் யார் என்கிற பட்டியல் நிக்ஸியின் தளத்திலேயே இருக்கிறது. ரெஜிஸ்ட்ராருக்குக் கீழே, அவர்களிடம் வாங்கி விற்கும் ரீசெல்லர்கள். உங்கள் திருப்பூர்க்காரர் ஒன்று ரீசெல்லராக இருப்பார், இல்லையென்றால் உங்களையும் என்னையும் போல அங்கே ஒரு கணக்கு வைத்திருக்கிற சாதாரண வாடிக்கையாளர். அதாவது அவர் செய்யப்போவதை நீங்களே பத்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

விலை விஷயம். வெரிசைன் ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கும் மொத்த விலையையே 2024 செப்டம்பரில் ஒரு டாட் காமுக்கு வருடத்துக்கு 10.26 டாலர் ஆக்கினார்கள். அதற்கு மேல் ரெஜிஸ்ட்ரார் லாபம், 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆகவே 99 ரூபாய்க்கு டாட் காம் என்று விளம்பரம் வந்தால் அது முதல் வருடத் தூண்டில் புழு, அவ்வளவுதான். எதை வாங்கினாலும் புதுப்பிக்கும் விலை என்ன என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். டாட் ஸ்டோர், டாட் ஷாப், டாட் ஆன்லைன் எல்லாம் முதல் வருடம் நூறு இருநூறுக்குக் கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் பல மடங்கு கேட்பார்கள். லேபிளில் அச்சடித்த பிறகு உங்களால் மறுக்க முடியாது, அது அவர்களுக்கும் தெரியும்.

2,800 டாலர் கொடுக்காதீர்கள். டாட் இன் எடுங்கள், தாராளமாக. 2005க்கு முன்னால் டாட் இன் வாங்குவது கெடுபிடியான வேலை. அந்த வருடம் ஜனவரியில்தான் கதவை அகலத் திறந்துவிட்டார்கள், இப்போது யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இந்தியாவில் எண்ணெய் வாங்குகிறவருக்கு டாட் இன் பார்த்தால் ஒரு நம்பிக்கைகூட வரும். கிடைத்தால் டாட் கோ டாட் இன்னையும் சேர்த்து எடுத்து முதல் பெயருக்குத் திருப்பிவிடலாம், கட்டாயமில்லை. நடுவில் கோடு போட்ட பெயர் வேண்டவே வேண்டாம். போனில் சொல்லும்போது "நடுவுல ஒரு டேஷ்" என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

ழகரத்துக்கு என்னிடம் விதி எதுவும் இல்லை, ஒரு சோதனை இருக்கிறது. வாடிக்கையாளர்களில் பத்துப் பேருக்குப் போன் போட்டுக் கடைப் பெயரை வாயால் மட்டும் சொல்லி, அதை ஆங்கிலத்தில் டைப் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் எப்படி எழுதுகிறார்களோ அதையும் எடுங்கள். "அதையும்" என்கிறேன், ஏனென்றால் உங்கள் உணவுப் பாதுகாப்பு உரிமத்திலும் ஜிஎஸ்டியிலும் ஏற்கெனவே ஓர் எழுத்துக்கூட்டல் இருக்கும், லேபிளில் அதுதான் வர வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால் இரண்டு டொமைன். வருடத்துக்கு இன்னும் எண்ணூறு ஆயிரம் போகும், போகட்டும்.

ஈரிழைத்துண்டு

"எங்க கணக்கிலேயே எடுத்துடறோம்" என்கிற வாக்கியத்தைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது அம்மணி. நான் கரூரில் துண்டு, பெட்ஷீட் வியாபாரம். 2016இல் இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் ஒருவர் எனக்கு டொமைன் எடுத்துக் கொடுத்தார். ஆள் மோசமில்லை, ஏமாற்ற வேண்டும் என்று செய்யவும் இல்லை. அவருடைய கணக்கு, அவருடைய மெயில், பதிவில் உரிமையாளர் என்கிற இடத்திலும் அவருடைய பெயர். நான் வருடா வருடம் பணம் கொடுத்தேன், அவர் கட்டினார், ஐந்தாறு வருடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் அவர் கடையை மூடிவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார், போன் நம்பரும் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயிலெல்லாம் அவருடைய பழைய மெயிலுக்குப் போயிருக்கிறது, எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

முதலில் நின்றது வெப்சைட் இல்லை, மெயில். அதைக்கூட நாங்கள் இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தோம், ஆர்டர் மந்தம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளிநாட்டு பையர் ஒருவர் அனுப்பிய சாம்பிள் விவரம் அப்படியே காற்றில் போயிற்று. பேங்க், ஜிஎஸ்டி எல்லாவற்றுக்கும் அந்த மெயிலையே கொடுத்திருந்தேன், எதிலும் உள்ளே போக முடியவில்லை. ரெஜிஸ்ட்ராருக்குப் போன் போட்டால் "பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் எங்களுக்கு உரிமையாளர், நீங்கள் யார்?" என்று கேட்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, நாளைக்கு எவனாவது போன் செய்து உங்கள் கடை என்னுடையது என்றால் கொடுத்துவிட முடியுமா? நான் ஐந்து வருடம் பணம் கொடுத்த ரசீதெல்லாம் அந்த டிசைனர் எனக்குக் கொடுத்தது, ரெஜிஸ்ட்ராருக்கு அதில் சம்பந்தமே இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு கோயம்புத்தூர் வாடிக்கையாளர் கூப்பிட்டு, "என்னங்க, துண்டு விக்கறதை விட்டுட்டு சூதாட்டக் கிளப் வெச்சுட்டீங்களா?" என்று கேட்டார். திறந்து பார்த்தால் புரியாத பாஷையில் சீட்டுக்கட்டுப் படம். யாரோ எடுத்துவிட்டார்கள். பெயர் அச்சடித்த கட்டைப்பை ஐயாயிரம் குடோனில் கிடந்தது, அதை வெளியே கொடுக்கவும் முடியாமல் எரிக்கவும் மனசில்லாமல் கடைசியில் சாயப்பட்டறைக்குச் சரக்குக் கட்டக் கொடுத்தோம். இப்போது வேறு பெயர், வேறு டொமைன், கணக்கு என் கையில்.

பழைய_சர்வர்

ஈரிழைத்துண்டு சொன்ன அந்த மூன்று மாதத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், எல்லாருக்கும் உதவும். டாட் காம் கெடு முடிந்த அன்றே பறிபோவதில்லை. ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள்வரை சலுகைக் காலம் உண்டு, அதற்குள் சாதாரண விலையிலேயே புதுப்பிக்கலாம். சில இடங்களில் இது ரொம்பக் குறைவு, நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. அதுவும் போனால் 30 நாள் மீட்புக் காலம், இதில் மீட்கலாம், ஆனால் அபராதம் பல மடங்கு, அடகு நகை மூழ்கப் போகும் நேரத்தில் மீட்கிற மாதிரி. பிறகு 5 நாள் யாரும் தொட முடியாது, அப்புறம் பொதுச்சந்தை. அந்த நொடிக்காகவே மென்பொருள் வைத்துக்கொண்டு காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பெயருக்கு இணையத்தில் ஏற்கெனவே இருக்கும் நல்ல பேர்தான் அவர்களுக்கு வேண்டும், துண்டு வேண்டாம். கெடுவுக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் மெயில் அனுப்ப வேண்டும் என்று ஐகேன் விதியே இருக்கிறது, ஆனால் அது பதிவில் உள்ள மெயிலுக்குத்தான் போகும்.

செக்கடி_வீடு

ஐயோ, அந்தக் கட்டைப்பை கதையைப் படித்துவிட்டு அப்பாவிடம் வாசித்தே காட்டினேன். "அப்ப நம்ம பேர்லயே எடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சரி, எடுக்கிறேன். ஆனால் இன்னும் சில சந்தேகம். எங்களுடையது தனிநபர் வியாபாரம், ஜிஎஸ்டி அப்பா பெயரில். அப்பா பெயரில் எடுப்பதா, என் பெயரிலா, கடைப் பெயரிலா? எந்த மெயில் கொடுப்பது? டிசைனருக்கு என் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் அவர் எப்படி வேலை செய்வார்? அப்புறம், டொமைன் கிடைத்துவிட்டால் அந்தப் பெயர் சட்டப்படி எங்களுடையது ஆகிவிடுமா? பக்கத்துத் தாலுகாவில் இதே பெயரில் யாராவது செக்குப் போட்டால்?

கருப்புக்கோட்டு

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான். ஆகாது. டொமைன் ரெஜிஸ்ட்ரார் முதலில் வந்தவருக்குக் கொடுப்பார், பெயர் யாருக்குச் சொந்தம் என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. அதற்கு டிரேட்மார்க். அதில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருப்பார்கள், சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் வரும். டிரேட்மார்க் பதிவகத்தின் தளத்தில் இலவசமாகவே தேடலாம், இதை டொமைன் எடுப்பதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள். அதே வகுப்பில் அதே பெயரையோ, காதுக்கு அதேபோல ஒலிக்கும் பெயரையோ யாராவது ஏற்கெனவே பதிந்திருந்தால் டாட் இன் காலியாக இருந்தும் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை, நாளைக்கு நோட்டீஸ் வரும். ழகரத்தை எல் போட்டு எழுதினாலும் இசட்-எச் போட்டு எழுதினாலும் சட்டத்தின் காதுக்கு ஒன்றுதான். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. "மரச்செக்கு" என்கிற சொல்லை மட்டும் யாரும் தனக்கென்று பதிந்துகொள்ள முடியாது, அது பொருளின் பெயர். கூட வருகிற உங்கள் தனிப்பெயருக்குத்தான் மதிப்பு.

இன்னொன்று, டிரேட்மார்க் பதிவு ஆகாமலே இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. வெறும் டொமைன் பெயரைக்கூட வணிகப் பெயரைப் போலவே பாதுகாக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2004இலேயே சொல்லிவிட்டது, சத்யம் இன்ஃபோவே தொடுத்த சிஃபி வழக்கு. ஆனால் அதற்கு நீங்கள் அந்தப் பெயரில் நீண்ட நாள் வியாபாரம் செய்தீர்கள், ஜனங்கள் அந்தப் பெயரால் உங்களை அறிவார்கள் என்று காட்ட வேண்டும். இருபத்தெட்டு வருடத்து பில் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். டாட் இன் பெயரைக் கெட்ட எண்ணத்தோடு யாராவது எடுத்து வைத்திருந்தால் கோர்ட்டுக்குப் போகாமலே தீர்க்க நிக்ஸியிடம் தனி நடுவர் முறை இருக்கிறது. டாட் காமுக்கும் அதேபோல ஒன்று 1999இலிருந்து நடக்கிறது. ஆனால் உங்கள் டாட் காம் ஆள் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம், அவருக்கு உங்கள் செக்கைத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. வெறுமனே விற்பதற்கு வைத்திருப்பது மட்டும் குற்றமாகாது.

பழைய_சர்வர்

மற்றக் கேள்விகளுக்கு நான். உரிமையாளர் பெயர் அப்பா, நிறுவனம் என்கிற இடத்தில் ஜிஎஸ்டியில் இருக்கிறபடி கடைப் பெயர், எழுத்து பிசகாமல். நாளைக்கு ஏதாவது தகராறு என்று அடையாளச் சான்று கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. டாட் இன்னுக்குச் சில ரெஜிஸ்ட்ரார்கள் எடுக்கும்போதே ஆதாரோ பானோ கேட்பார்கள், பயப்பட வேண்டாம். முகவரியும் போனும் உண்மையாக இருக்கட்டும், பொய் விவரம் கொடுத்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே பதிவை முடக்கலாம். பெயர் மறைக்கும் சேவை என்று ஒன்றைக் கூடையில் தானாகவே சேர்த்திருப்பார்கள். டாட் இன்னுக்கு அதற்கு அனுமதியே இல்லை, டாட் காமுக்குப் பல இடங்களில் இலவசம், ஆகவே காசு கேட்டால் எடுத்துவிடுங்கள்.

மெயிலுக்கு, கடைக்கென்று ஒரு தனி ஜிமெயில் திறந்து அதைக் கொடுங்கள். நீங்கள் வாங்கப்போகிற டொமைனிலேயே உருவாக்கும் மெயிலை அந்த டொமைன் கணக்குக்குக் கொடுக்கக் கூடாது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற வேலை அது. டொமைன் நின்றால் மெயில் நிற்கும், மெயில் நின்றால் டொமைனை மீட்கும் ஓடிபி வராது. இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிட்டு, அப்பா போனிலும் உங்கள் போனிலும் வையுங்கள்.

டிசைனருக்குப் பாஸ்வேர்டு தேவையே இல்லை. அவர் நேம் சர்வர் வரிகளை அனுப்புவார், நீங்கள் ஒட்டுவீர்கள், முடிந்தது. சில ரெஜிஸ்ட்ரார்களிடம் டிசைனருக்கு டிஎன்எஸ் மட்டும் திருத்தும் அனுமதி கொடுக்கும் வசதியும் உண்டு. மெயிலுக்கு வேறு இடம் போனால் எம்எக்ஸ் என்று ஒரு வரி மாற்ற வேண்டும், அதை மட்டும் டிசைனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வெப்சைட் மாற்றும்போது மெயில் வரியை அழித்துவிட்டு முழிப்பவர்கள் நிறைய. ஐந்து மெயில் ஐடி என்று அவர் விலையில் சேர்த்திருப்பதைப் பற்றி: நம்ம சென்னை ஸோஹோவிலேயே ஐந்து பேர்வரை இலவசத் திட்டம் உண்டு. பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுச் சின்னத்துக்கான எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக்காசு கேட்டால் லெட்ஸ் என்கிரிப்ட் என்று சொல்லுங்கள், அந்தச் சான்றிதழை இலவசமாகவே தருகிற அமைப்பு அது, அவரே அடங்கிவிடுவார்.

ஆட்டோ ரெனியூவல் போடுங்கள், ஆனால் நம்பாதீர்கள். 2021 அக்டோபரில் தானாகக் கழிக்கும் பணத்துக்கு ரிசர்வ் பேங்க் புது விதி கொண்டுவந்த பிறகு, வெளிநாட்டு ரெஜிஸ்ட்ராரிடம் நம் கார்டில் பணம் எடுபடாமல் போவது சகஜம். ஐந்து வருடத்துக்கு ஒரேயடியாகக் கட்டிவிடுவது எவ்வளவோ மேல்.

உயிர்மெய்

எல்லாரும் இசட்-எச் போடுவதா எல் போடுவதா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள், தமிழிலேயே டொமைன் எடுக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே! டாட் இந்தியா என்பதைத் தமிழ் எழுத்தில் ".இந்தியா" என்றே எழுதிப் பதிவு செய்யலாம், புள்ளிக்கு முன்னால் ழகரத்தோடு உங்கள் கடைப் பெயர் அப்படியே. இலங்கைக்கு ".இலங்கை", சிங்கப்பூருக்கு ".சிங்கப்பூர்" என்றுகூட இருக்கிறது. நான் என் பதிப்பக வேலைக்கு ஒன்று வைத்திருக்கிறேன்.

நேர்மையாகக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உள்ளுக்குள் அது எக்ஸ்-என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் சேமிக்கப்படும், சில இடங்களில் லிங்கை ஒட்டினால் அந்தக் குப்பைதான் தெரியும், பார்க்கிறவர் வைரஸ் என்று பயந்துவிடுவார். அந்தப் பெயரில் மெயில் ஐடி வைத்துக்கொள்ள முயன்றேன், பாதிப் படிவங்கள் "தவறான முகவரி" என்று தள்ளின. எல்லா ரெஜிஸ்ட்ராரும் விற்பதும் இல்லை. அதனால் இரண்டாவது பெயராக எடுத்து டாட் இன்னுக்குத் திருப்பிவிடுங்கள். ஆனால் லேபிளில் பெரிதாகத் தமிழ் முகவரி இருந்தால் கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொப்பரைக்களம்

தமிழில் அடிக்கத் தெரிந்த வாடிக்கையாளர் எத்தனை பேர்? எல்லாரும் தங்கிலீஷ்தான்.

உயிர்மெய்

அடிக்க வேண்டாம், மைக்கை அழுத்திப் பேசினால் போதும். எங்கள் ஆத்தா அப்படித்தான் யூடியூபில் சீரியல் தேடுகிறது.

செக்கடி_வீடு

போன் சோதனை செய்தேன். பன்னிரண்டு பேருக்குப் பேசி ஒன்பது பேர் அனுப்பினார்கள். ஆறு பேர் வெறும் எல், இரண்டு பேர் இசட்-எச், ஒருவர் வெறும் இசட் (அவர் கேரளாவில் வேலை செய்கிறார், ஏன் அப்படி எழுதினார் என்று கேட்கவில்லை). உரிமத்தில் இசட்-எச். ஆகவே இரண்டு டாட் இன் எடுத்துவிட்டேன், லேபிளில் போவது இசட்-எச், எல் போட்டு அடித்தாலும் அங்கேயே வந்து சேரும்படி திருப்பிவிட்டிருக்கிறேன், அதை நானே செய்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். டிரேட்மார்க் தளத்தில் தேடியதில் 29ஆம் வகுப்பில் அந்தப் பெயர் இல்லை, ஊதுபத்திக்கு ஒன்று இருக்கிறது, அது பரவாயில்லை என்று நினைக்கிறேன். இசட்-எச் பெயருக்கு ஐந்து வருடம், மற்றதற்கு ஒரு வருடம். மொத்தமாக வந்த பில் டிசைனர் அடுத்த வருடத்துக்கு என்று சொன்ன 7,500இல் பாதியைக்கூடத் தொடவில்லை.

டிசைனரிடம் டொமைன் எங்களிடமே இருக்கிறது, நேம் சர்வர் மட்டும் அனுப்புங்கள் என்றேன். கொஞ்சம் முகம் சுளித்தார், பிறகு 18,000ஐ 13,000 ஆக்கிவிட்டார். தமிழ் டொமைன் லேபிளுக்கு இடம் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன், அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

இப்போது ஒரு பயம். பதிவு செய்த மறுநாளே மூன்று மெயில் வந்திருக்கிறது. ஒன்று, உங்கள் மெயிலை 15 நாளுக்குள் உறுதி செய்யுங்கள், இல்லையென்றால் டொமைன் நிறுத்தப்படும் என்று. இன்னொன்று, சீனாவில் ஒரு கம்பெனி உங்கள் பெயரைப் பதிவு செய்யப் பார்க்கிறது, உடனே பதில் போட்டால் உங்களுக்கு முன்னுரிமை தருகிறோம் என்று. மூன்றாவது, தேடுபொறிப் பதிவுக் கட்டணம் 6,499 பாக்கி என்று பில் மாதிரியே ஒன்று. மூன்றும் மோசடிதானே, அழித்துவிடவா?

பழைய_சர்வர்

முதலாவதை அழித்துவிடாதீர்கள்! அது நிஜமாக இருக்கலாம். மெயில் உறுதி செய்யாவிட்டால் 15 நாளில் நிறுத்துவது ஐகேன் விதி. டாட் காமுக்குத்தான் அது கட்டாயம், ஆனால் பல ரெஜிஸ்ட்ரார்கள் எல்லாப் பெயர்களுக்கும் ஒரே மாதிரி அனுப்புவார்கள். ஸ்பேமில் விழுந்த இந்த மெயிலைக் கவனிக்காமல் வெப்சைட் படுத்துவிட்ட இரண்டு கடைகளுக்கு நானே போயிருக்கிறேன். ஆனால் மெயிலில் உள்ள லிங்கை அழுத்த வேண்டாம். நீங்கள் வாங்கிய ரெஜிஸ்ட்ராரின் தளத்துக்கு நேராகப் போய் உள்ளே நுழைந்து பாருங்கள், உறுதி செய்ய வேண்டியிருந்தால் அங்கேயும் மஞ்சளாக ஒரு பட்டை தெரியும், அங்கிருந்தே மறுபடி அனுப்பச் சொல்லலாம்.

சீனக் கம்பெனி பல வருடத்துப் பழைய தில்லுமுல்லு, பதில் போட்டால் உங்களுக்கு வேண்டாத நாலைந்து பெயர்களைக் கொள்ளை விலைக்கு விற்பார்கள். 6,499 பில்லும் குப்பை, கூகுளில் வருவதற்கு யாருக்கும் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. இன்னும் நாலு நாளைக்கு "மேடம், வெப்சைட் டிசைன் வேணுமா" என்று போனும் வரும், எடுக்காதீர்கள்.

ஈரிழைத்துண்டு

ஒரு வருடம் எடுத்த அந்த எல் பெயரின் கெடு தேதியைக் காலண்டரில் குறித்தீர்களா அம்மணி? போனில் இல்லை, சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரில். நான் அதில்தான் குறிக்கிறேன்.

செக்கடி_வீடு

உள்ளே போய்ப் பார்த்தேன், மஞ்சள் பட்டை இருந்தது, உறுதி செய்துவிட்டேன். காலண்டர் அடுத்த வருடத்தது இன்னும் வரவில்லைங்க அண்ணா, செக்கின் மேல் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்.

ஈரிழைத்துண்டு

எண்ணெய் பட்டு அழிந்துவிடும், பெயின்ட்டில் எழுதுங்கள்.